கண்ணில் படாத தாயக்கட்டை

குற்றாலத்தில் சாரல் பருவம். பேரருவியில் வெள்ளம் பெருகிவிட்டதால் குளிக்கத் தடை விதித்துவிட்டார்கள். விடுதி அறையில் ஜமுக்காளத்தை விரித்து ஒரு குடும்பத்தினர் தாயம் ஆடுகிறார்கள்.

"ஏழு தடவை உருட்டிட்டேன் ஆச்சி, தாயமே விழலை. எட்டாவது தடவை விழுந்துதானே ஆகணும்?" என்கிறான் பேரன்.

"ஏலே, கட்டைக்கு எண்ணவா தெரியும்?" என்று சிரிக்கிறார் ஆச்சி.

ஆச்சி வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அதில் ஒரு கணித உண்மை அடங்கியிருக்கிறது.

தாயக்கட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு முகங்கள். அவற்றில் 0, 1, 2, 3 என்று புள்ளிகள் இருக்கும். இரண்டு கட்டைகளையும் உருட்டினால் 4 × 4 = 16 விதமாக விழலாம். ஒன்றில் 0, மற்றதில் 1 விழுந்தால்தான் தாயம். அது 2 விதங்களில் நேரும். ஆகவே தாயம் விழும் வாய்ப்பு 16-இல் 2, அதாவது 8-இல் 1. அப்படியானால் 8 தடவை உருட்டினால் ஒரு தாயம் உறுதியா? இல்லை. விழாமலிருக்கும் வாய்ப்பாகிய 7/8 என்பதை எட்டு முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.34 வரும். நூறு பேர் எட்டெட்டு தடவை உருட்டினால் சுமார் 34 பேருக்குத் தாயமே விழாது!

கட்டை கண்முன் உருளும்போதே இவ்வளவு மயக்கம் என்றால், கட்டையே கண்ணில் படாத ஆட்டத்தில்?

வேடிக்கையான ஒரு ராஜ்யம்

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் பறவைக்குக் கண்ணி வைக்கும் காட்சி நகைச்சுவை மிக்கது. ஆனால் சிங்கனுக்கு என்ன நேரும் என்பதைக் கவிராயர் முன்பே எழுதி முடித்துவிட்டார். ஆடுபவரே சிங்கனாகி, பறவை சிக்குமா சிக்காதா என்பதைப் பகடை முடிவு செய்தால் எப்படியிருக்கும்? அதுதான் வேடமேற்கும் ஆட்டம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த ஸாக் ஜான்சன் 2003-இல் 'கிங்டம் ஆஃப் லோதிங்' என்ற இணைய ஆட்டத்தைத் தொடங்கினார். அதில் பளபளக்கும் காட்சிகள் இல்லை. குச்சி குச்சியாக வரைந்த கறுப்பு வெள்ளை மனிதர்களே உண்டு. சிரிப்பெல்லாம் எழுத்தில்தான்! அந்த ராஜ்யத்தில் நாணயம் இறைச்சி. ஆடுபவர் ஆமை பழக்குபவராகலாம். மாவுப் பண்டத்தால் மந்திரம் போடுபவராகலாம். அக்கார்டியன் வாசிக்கும் திருடராகவும் ஆகலாம். பிறரோடு உரையாடும் அறைக்குள் நுழையவோ, முதலில் எழுத்துப்பிழை பற்றிய ஒரு தேர்வில் தேற வேண்டும்!

நாளொன்றுக்கு 40 முறை சாகசம் செய்யலாம். ஆட்டத்துக்குள் கிடைக்கும் உணவை உண்டால் இன்னும் சில முறை. மறுநாள் கணக்கு நம் நாட்டு நேரப்படி காலை 9 மணியளவில் தொடங்கும்.

பகடை எங்கே உருளுகிறது?

நாம் பார்ப்பது உலாவி, அதாவது பிரவுசர், காட்டும் பக்கம் மட்டுமே. நாம் பொத்தானை அழுத்தியதும் ஒரு வேண்டுகோள் இணையத்தின் வழியே தொலைவிலுள்ள சர்வர் என்னும் கணிப்பொறிக்குச் செல்கிறது. அது 'பகடையை' உருட்டி, விளைவை ஒரு பக்கமாக எழுதி அனுப்புகிறது. 2011-இல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் தொடங்கிய ஸோஹோ நிறுவனத்தின் மென்பொருள்கள் பலவும் இவ்வாறே உலாவியின் வழியாகத்தான் இயங்குகின்றன. கணக்கு அங்கே, காட்சி இங்கே.

பகடையை நம் கணிப்பொறியிலேயே உருட்டினால் என்ன? சாமர்த்தியசாலி ஒருவர் அதை மாற்றி எப்போதும் தாயமே விழச் செய்துவிடுவார்!

சரி, கணிப்பொறிக்குக் கையேது, கட்டையேது? அது கணக்குப் போட்டே பகடை உருட்டுகிறது. நீங்களும் செய்யலாம். 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 3-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். அந்த மீதியை மறுபடி 3-ஆல் பெருக்கி 7-ஆல் வகுங்கள். 3, 2, 6, 4, 5, 1 என்று பகடையின் ஆறு எண்களும் கலைந்து வருகின்றன அல்லவா? ஆனால் அதன்பின் அதே வரிசை திரும்பிவிடும். 1997-இல் ஜப்பானியர்களான மாட்சுமோட்டோவும் நிஷிமுராவும் உருவாக்கிய 'மெர்சென் ட்விஸ்டர்' என்னும் முறையில், வரிசை திரும்புவதற்குள் வரும் எண்களின் தொகை 6,000-க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது!

எண்ணிப் பார்த்தால் தெரியும்

கண்ணில் படாத பகடை நேர்மையானதா என்று எப்படி அறிவது? இந்த ஆட்டக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். எந்த அரக்கனிடம் எத்தனை முறை சண்டையிட்டோம், எத்தனை முறை பொருள் கிடைத்தது என்று பலரும் குறித்து வைத்தார்கள். அவற்றை ஒன்றுசேர்த்து, ஆட்டத்துக்குள் மறைந்திருக்கும் விதிகளைக் கண்டறிந்தார்கள். இவ்வேலைக்கு 'ஸ்பேடிங்' என்று பெயர். மண்வெட்டியால் தோண்டுவது என்று பொருள். அணுவைக் கண்ணால் காணாமலேயே அதன் இயல்பை அறிவியலார் ஆராய்ந்ததும் இத்தகைய பொறுமையான கணக்கெடுப்பால்தான்.

ஒருவர் குறிப்பு மட்டும் போதாது. ஒரு பொருள் கிடைக்கும் வாய்ப்பு தாயத்தைப் போல 8-இல் 1 என்று வைத்துக்கொள்வோம். 40 முறை முயன்றும் அது கிடைக்காதவர் சுமார் 200 பேரில் ஒருவர் இருப்பார். அவர் "ஆட்டத்தில் ஏமாற்று" என்று கூச்சலிடலாம். ஆனால் அவர் கண்டது வெறும் துரதிர்ஷ்டமே. "இத்தனை முறை தோற்றேன், அடுத்த முறை நிச்சயம்" என்று எண்ணிப் பணம் வைத்து ஆடுபவர்களின் பை காலியாவதும் இந்த மயக்கத்தால்தான்.

நீங்களும் தோண்டிப் பாருங்கள். தாயக்கட்டையை 80 தடவை உருட்டி, விழுந்ததையெல்லாம் எழுதுங்கள். தாயம் 10 தடவையை ஒட்டி விழ வேண்டும். 7 அல்லது 13 வந்தாலும் வியப்பில்லை. வகுப்பில் பத்துப் பேர் இவ்வாறு செய்து கூட்டினால் 800-இல் 100-ஐ ஒட்டி வரும். வெகுவாக விலகினால் கட்டையின் முகங்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டைக்கு எண்ணத் தெரியாதுதான். நமக்குத் தெரியுமே!