மணிக்கூட்டின் விலை எதற்கு?

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் செல்வோர் குறிகட்டுவான் துறையிற் படகுக்குக் காத்திருக்கும்பொழுது, அவர்தம் கைகளைச் சற்றே நோக்குவோம். பாட்டனார் கையில், நாள்தோறும் முறுக்கி ஓடவிடும் பழைய சுவிஸ் மணிக்கூடு. சுவிற்சர்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த பேரன் கையில், நாடித்துடிப்பையும் எண்ணிச் சொல்லும் ‘ஸ்மார்ட் வோட்ச்’. படகு புறப்படும் வேளையை இரண்டும் காட்டவே செய்கின்றன. ஆயினும், புதியது சில நூறு டொலருக்குக் கிடைக்க, உயர்தர சுவிஸ் மணிக்கூட்டுக்குப் பல்லாயிரம் கேட்கின்றனரே, ஏன்?

1969 டிசம்பர் 25இல் யப்பானின் சீக்கோ நிறுவனம் உலகின் முதலாவது குவாட்ஸ் கைமணிக்கூட்டை 450,000 யென்னுக்கு விற்பனைக்கு விட்டது. பின்னர் அத்தொழில்நுட்பம் மலிந்து, துல்லியம் ஏழையின் கைக்கும் எட்டியது. அதன்மேல் சுவிஸ் தொழிலாளர், நேரத்தை விற்பதைவிடக் கைவினையையும் பரம்பரைப் பெருமையையும் விற்கலாயினர்.

இவ்விரு சந்தைகளிலும் ஒருங்கே காலூன்ற 2015இல் அப்பிள் நிறுவனம் முயன்றது. அதன் மணிக்கூடு 349 டொலரிலிருந்து கிடைத்தது. பொன்னாலானதோ 10,000 டொலரிலிருந்து! உள்ளிருந்த கருவியோ இரண்டிலும் ஒன்றே. அடுத்த ஆண்டே பொன் வகை நிறுத்தப்பட்டது. 2018இல் வந்த புதிய மென்பொருளை அம்முதற் தலைமுறை மணிக்கூடுகள் ஏற்கவில்லை. பொன் மங்கவில்லை; உள்ளுயிர் மூப்படைந்துவிட்டது.

அதே 2015இல் சுவிஸ் நிறுவனமான டாக் ஹொயர், 1,500 டொலருக்கு ஒரு ஸ்மார்ட் வோட்சை வெளியிட்டது. ஈராண்டின் பின் அதனையும் மேலும் 1,500 டொலரையும் கொடுத்து, இயந்திர மணிக்கூடொன்றைப் பெறலாம் எனவும் அறிவித்தது. புதியதன் ஆயுள் குறுகியது என்பதற்கு விற்றவரே தந்த சாட்சியம் இதுவன்றோ?

பேரனின் மணிக்கூட்டை நாம் இகழ்ந்தோமல்லோம். பெரிய வைத்தியசாலையை நாடக் கடல் கடக்கவேண்டிய நெடுந்தீவு முதியவருக்கு, இதயத்துடிப்பின் மாறுபாட்டை உணர்த்தும் கருவி நற்றுணையே. ஆயின், அது வைத்தியருக்கு ஈடாகாது. சில ஆண்டுகள் உழைக்கும் பொருளாகக் கருதி அதற்குரிய விலையை மட்டும் கொடுப்போம். நகைக்குரிய விலையைக் கொடுக்க வேண்டாம். பெருவிலை மணிக்கூடுகள் யாவும் முதலீடென நம்பிக் கடன்படுவதும் தகாது. அவற்றுட் பல, கடையை விட்டு வெளிவந்ததுமே விலை குறைபவை.

பாட்டனாரின் மணிக்கூட்டை விற்கப்போனால் பெருந்தொகை கிடையாதிருக்கலாம். ஆனால், பழுதுபார்ப்போர் உள்ளவரை அது ஓடும். பேரனுக்கு அதனை முறுக்கப் பழக்கிவைப்பது நன்று.