பாராட்டும் கடிந்துரையும்

"அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்" என்பது நம் நாட்டுப் பழமொழி. முன்கோபிகளின் சொல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. முப்பது ஆண்டுகள் வகுப்பு நடத்திய ஆசிரியர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "நிறைய மதிப்பெண் வாங்கிய பையனைப் பாராட்டினேன், அடுத்த தேர்வில் சறுக்கிவிட்டான். குறைவாக வாங்கியவனைக் கடிந்துகொண்டேன், அடுத்த முறை தேறிவிட்டான்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதையே சொல்லுகிறார். ஆனால், கண்டதிலிருந்து அவர் கொண்ட முடிவு சரிதானா? குழந்தைகளின் முதுகும் மனமும் இந்த வினாவின் விடையைப் பொறுத்திருப்பதால், இதைச் சற்று நிதானமாகவே ஆராய வேண்டும்.

இதே வாதத்தை 1960களில் இஸ்ரேல் நாட்டு விமானப்படைப் பயிற்றுநர் ஒருவர் எழுப்பினார். எருசலேமிலுள்ள ஹீப்ரு பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் டேனியல் கானிமன், தண்டனையைவிடப் பாராட்டே கற்பவருக்கு நன்மை தரும் என்று பயிற்றுநர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அனுபவம் மிக்க அந்தப் பயிற்றுநர் அதை மறுத்தார். வானில் விமானத்தை அழகாக வளைத்துத் திருப்பிய மாணவனைப் புகழ்ந்தால், மறுமுறை அவன் மோசமாகவே செய்கிறான். தவறியவனைத் திட்டினால், மறுமுறை நன்றாகச் செய்கிறான் என்பது அவர் கண்ட உண்மை. பின்னர் 2002இல் பொருளாதாரத்திற்கான நோபெல் பரிசு பெற்ற கானிமன், அந்தக் கணத்தில்தான் ஒரு பெரிய உண்மை தமக்குப் புலப்பட்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். பயிற்றுநர் கண்டது மெய். காரணம் காட்டியதில்தான் பிழை.

அது என்ன பிழை என்று அறிய, ஆறு முகமுள்ள பகடை ஒன்று போதும். 60 பேரை நிறுத்தி, ஆளுக்கு ஒரு முறை உருட்டச் சொல்லுங்கள். ஏறக்குறைய 10 பேருக்கு ஆறு விழும். அவர்களை மனமாரப் புகழுங்கள். இன்னும் ஏறக்குறைய 10 பேருக்கு ஒன்று விழும். அவர்களை நன்றாகத் திட்டுங்கள். இப்போது எல்லாரையும் மறுபடி உருட்டச் சொல்லுங்கள். புகழப்பட்ட 10 பேரில் எட்டுப் பேரளவில் கீழே இறங்கியிருப்பார்கள். திட்டப்பட்ட 10 பேரில் எட்டுப் பேரளவில் மேலே ஏறியிருப்பார்கள். பகடைக்குக் காதுண்டா? புகழ்ச்சியும் திட்டும் அங்கே ஒன்றும் செய்யவில்லை. உச்சியிலிருந்தவருக்கு இறங்கவே வழி. அடியிலிருந்தவருக்கு ஏறவே வழி.

தேர்வு என்பது முழுவதும் பகடையன்று. மாணவன் பெறும் மதிப்பெண்ணில் அவனுடைய நிலையான திறமையும் இருக்கிறது, அன்றைய வாய்ப்பும் இருக்கிறது. படித்த பாடமே வினாவாக வந்திருக்கலாம். முதல் நாள் இரவு காய்ச்சல் கண்டிருக்கலாம். 92 வாங்கியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், அவர்களிற் பலர் திறமையோடு அன்று நல்வாய்ப்பும் பெற்றவர்களாகவே இருப்பார்கள். அடுத்த தேர்விலும் திறமை உடன்வரும். வாய்ப்பு உடன்வருமென்பதற்கு உறுதியில்லை. ஆகவே அவர்கள் சராசரியை நோக்கிச் சிறிது திரும்புவார்கள். காய்ச்சல் உச்சத்திலிருக்கும்போது மருந்து தேடி ஓடுகிறோம்; தானே தணியவேண்டிய காய்ச்சல் தணிந்தாலும் புகழ் மருந்துக்கே போகிறது. அதுவும் இந்தக் கணக்குத்தான்.

இதை முதலில் எண்ணிக்கையால் காட்டியவர் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன். 205 பெற்றோர் இணைகள், அவர்களுடைய வளர்ந்த மக்கள் 928 பேர் ஆகியோரின் உயரங்களை ஆராய்ந்து, 1886இல் வெளியிட்டார். பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஆண்களின் அளவுக்குக் கொணர்ந்தபின் ஒப்பிட்டார். பெற்றோர் சராசரியிலிருந்து மூன்று அங்குலம் விலகியிருந்தால், மக்கள் இரண்டு அங்குல அளவே விலகியிருந்தார்கள். உயரத்தை ஏதோ ஒரு சக்தி பிடித்து இழுக்கிறது என்று எண்ணத் தோன்றுகிறதல்லவா? அப்படியானால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மிக உயரமான மக்களை முதலில் பொறுக்கிக்கொண்டு அவர்களுடைய பெற்றோரைப் பார்த்தால், அந்தப் பெற்றோரும் சராசரிக்கு அருகிலேயே இருக்கிறார்கள்! மகனின் உயரம் காலத்தில் பின்னோக்கிச் சென்று தந்தையைக் குறுக்க முடியாது. இழுக்கும் சக்தி ஏதுமில்லை. பொறுக்கி எடுத்த முறையே இத்தோற்றத்தை உண்டாக்குகிறது. கால்டனின் கண்டுபிடிப்புகளுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

அப்படியானால் கடிந்துரையின் பயனை எவ்வாறு அறிவது? முன்னும் பின்னும் பார்த்தால் போதாது. கடியப்படாத ஒருவனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அடியிலிருந்த மாணவர் அனைவரும் ஓரளவு ஏறத்தான் போகிறார்கள். கடியப்பட்டவர்கள், கடியப்படாதவர்களைவிட அதிகமாக ஏறினார்களா என்பதே சரியான கேள்வி. யாரை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது நன்று. ஆசிரியரிடம் விட்டால், அவர் அறியாமலே தமக்குப் பிடித்த பிள்ளைகளை ஒரு பக்கம் சேர்த்துவிடுவார். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் பயிர்ச் சோதனைகளை ஆராய்ந்த ரொனால்ட் ஃபிஷர், பாத்திகளுக்கு உரத்தைச் சீட்டுப் போட்டே பங்கிடவேண்டும் என்று 1920களில் வற்புறுத்தினார். வயலில் பிறந்த அந்த முறையே பின்னர் மருத்துவத்திலும் உளவியலிலும் வழங்கலாயிற்று. விடைத்தாள் திருத்துபவருக்கும் எந்தத் தாள் எந்தக் குழுவினுடையது என்று தெரியாதிருத்தல் நலம்.

பள்ளிக்கூடத்திலேயே நடந்த ஒரு சோதனையைச் சொல்லுகிறேன். அமெரிக்காவில் எலிசபெத் ஹர்லாக் என்னும் அம்மையார் 1925இல் வெளியிட்டது அது. நான்காம், ஆறாம் வகுப்புக் குழந்தைகள் 106 பேர். பாடம் கூட்டல் கணக்கு. காலம் ஐந்து நாள். முதல் நாள் மதிப்பெண்கள் ஒத்திருக்குமாறு நான்கு குழுக்கள் அமைத்தார். ஒரு குழுவை எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார், இன்னொன்றைக் கடிந்தார், மூன்றாவது குழு இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க, அதனிடம் ஒன்றும் சொல்லவில்லை, நான்காவது வேறு அறையில் தனியே கணக்குப் போட்டது. கடியப்பட்டவர்கள் முதலில் விரைவாக முன்னேறினார்கள், பிறகு சரிந்தார்கள். பாராட்டப்பட்டவர்களே இறுதியில் முன்னணியில் நின்றார்கள். தனியறைக் குழு முன்னேறவே இல்லை. பழைய ஆசிரியரின் கண்ணுக்கு அந்த முதல் முன்னேற்றம் மட்டும் பட்டிருந்தால், பிரம்பின் புகழ் இன்னும் ஒருபடி உயர்ந்திருக்கும்.

இந்தச் சோதனையிலும் ஒரு குழுவுக்கு முப்பது பேர்கூட இல்லை. சிறு குழுக்களில் வாய்ப்பு பெரிய விளையாட்டு விளையாடும். ஆகையால், வெறுமனே சீட்டைக் கலைத்துப் பங்கிட்டாலே இவ்வளவு வேறுபாடு எத்தனை முறை தோன்றும் என்று கணக்கிடுவது புள்ளியியலின் வேலை. 100க்கு 5 முறைக்கும் குறைவென்றால் ஏற்கலாம் என்பது வழக்கம். அது வழக்கமேயன்றி இயற்கை விதியன்று. அந்த எல்லையைக் கடந்துவிட்டதாலேயே ஒரு முடிவு நிலைத்துவிடாது. உளவியல் ஆய்வுகள் 100ஐ எடுத்து மீண்டும் நடத்திய அறிஞர் கூட்டம் ஒன்று 2015இல் தன் அறிக்கையை வெளியிட்டது. முதல் முறை அந்த எல்லையைக் கடந்தவை 97. மறுமுறை கடந்தவை ஏறக்குறைய 36 விழுக்காடே. ஹர்லாக் அம்மையாரின் ஐந்து நாள், ஓர் ஆண்டுப் படிப்பைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லாது. அதை அறிய ஓர் ஆண்டுச் சோதனையே வேண்டும். அங்கும் கடியப்படாத குழு ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும்.