2,400 மணி நேரம் எங்கிருந்து வரும்? வேலை பார்த்துக்கிட்டே தொலைதூரக் கல்வியில் எம்.ஏ.

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரே ஒரு மெயிலைத்தான் எடுத்திருக்கேன். எழுதினவங்களுக்கு 26 வயசு. பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சுட்டு, நுங்கம்பாக்கம் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில பில்லிங் கவுன்ட்டர்ல வேலை. வீடு தாம்பரம். சம்பளம் 22,000. எம்.ஏ. முடிச்சு, நெட் எழுதி, காலேஜ்ல பாடம் நடத்தணும்னு ஆசை. ஒரு ஆப்ல இருந்து 'கவுன்சிலர்'னு ஒருத்தர் தினமும் போன் பண்றாராம்: மொத்தம் 1,20,000 ரூபாய், மாசம் 5,000 வீதம் 24 மாசம், நோ காஸ்ட் இஎம்ஐ, ஆஃபர் இன்னைக்கு ராத்திரியோட முடியுது. இவங்க கையில இருக்கறது சீட்டு முடிஞ்சு வந்த 36,000. "அக்கா, சேரலாமா வேணாமா?"

முதல்ல அந்த இஎம்ஐ. வீட்டுக்கு 12,000 கொடுத்து, சீசன் டிக்கெட், சாப்பாடு, போன் எல்லாம் போக மாசம் 4,500 மிஞ்சுதுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. தவணை 5,000. கணக்கு அங்கேயே உதைக்குது. இதுல இன்னொண்ணு இருக்கு. நோ காஸ்ட் இஎம்ஐன்னு சொல்றது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்க பேர்ல போடுற கடன். படிப்பைப் பாதியில விட்டாலும் கடன் பாட்டுக்கு ஓடும், தவணை தவறினா சிபில் ஸ்கோர் அடிவாங்கும். 2022 ஜனவரியிலேயே யுஜிசி ஒரு எச்சரிக்கை விட்டுச்சு: தொலைதூரப் படிப்பை எட்டெக் கம்பெனி மூலமா 'ஃப்ரான்சைஸ்' முறையில நடத்த அனுமதி கிடையாது. அதனால போன்ல பேசறவர் யாருங்கறது முக்கியமில்ல, டிகிரி கொடுக்கற பல்கலைக்கழகம் எதுன்னு கேளுங்க. அந்தப் பேரும், உங்க பாடமும், நீங்க சேர்ற வருஷமும், மூணும் யுஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவு வெப்சைட்ல இருக்கணும். 2024 செப்டம்பர்ல இருந்து சேர்றவங்க அந்தத் தளத்துல டெப் ஐடி எடுத்தாகணும். அதை நீங்களே எடுங்க, ஏஜென்ட்கிட்ட விடாதீங்க.

இடையில ஒரு வார்த்தை. சைக்காலஜி எம்.ஏ. பத்தி நிறைய பேர் கேக்கறீங்க. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையில இருந்து சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, உணவு-ஊட்டச்சத்து மாதிரி படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் முறையில நடத்தக் கூடாதுன்னு யுஜிசி சொல்லிடுச்சு. யாராவது இப்பவும் சீட் இருக்குன்னு சொன்னா போனை வெச்சுடுங்க.

சரி, இங்கிலீஷுக்கு வருவோம். தொலைதூர டிகிரிக்கு மதிப்பு உண்டான்னும் கேட்டிருந்தாங்க. அங்கீகாரம் இருக்கற பல்கலைக்கழகம்னா ரெகுலர் டிகிரிக்குச் சமம்னு 2022 செப்டம்பர்ல யுஜிசி தெளிவா அறிவிச்சிருக்கு. நெட் எழுதலாம். ஆனா நெட்டுக்கு எம்.ஏ.ல 55 சதவீதம் வேணும், ஓபிசி கிரீமி லேயருக்குக் கீழ இருக்கறவங்க, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50. இக்னோவுல எம்.ஏ. பாஸ் மார்க் 40. அதாவது பாஸ் ஆகியும் நெட் வாசல்லயே நிக்கறதுக்கு வாய்ப்பு இருக்கு. ஆசை நெட்னா, திட்டம் போடறப்பவே 40ஐ மறந்துடுங்க.

இனி நேரம். யாரும் பட்ஜெட் போடாத செலவு இதுதான். இக்னோ கணக்குல ஒரு கிரெடிட்னா 30 மணி நேரப் படிப்பு. ரெண்டு வருஷ முதுகலைக்கு 80 கிரெடிட்னு வெச்சா, 2,400 மணி நேரம். ரெண்டு வருஷத்துல முடிக்கணும்னா வாரம் 23 மணி நேரம். பில்லிங் கவுன்ட்டர்ல ஷிப்ட் பார்க்கற ஒருத்தருக்கு அது பாதி வேலை மாதிரி.

இவங்களுக்கு எவ்வளவு இருக்கு? காலையில வண்டி தாம்பரத்துலயே கிளம்பறதால உக்கார இடம் கிடைச்சுடும், அரை மணி நேரம் படிக்கலாம். சாயங்காலம் நின்னுக்கிட்டே வர்றது, அதைக் கணக்குல சேர்க்காதீங்க. ஆறு நாளைக்கு 3 மணி நேரம். ராத்திரி வாரத்துல நாலு நாள் ஒவ்வொரு மணி நேரம். லீவு நாள்ல 4 மணி நேரம். மொத்தம் 11. 2,400ஐ 11ஆல வகுத்தா 218 வாரம். இக்னோவுல ரெண்டு வருஷ எம்.ஏ.வை நாலு வருஷம் வரைக்கும் எழுதலாம், ஆனா நாலு வருஷம்னா 208 வாரம்தான்.

பயப்படாதீங்க. 30ங்கறது படிக்கறது, அசைன்மென்ட், திருப்பிப் பார்க்கறது எல்லாம் சேர்ந்த பொது அளவு. நான் வேலைக்குப் போய்க்கிட்டே எம்.ஏ. படிச்சப்போ ஒரு நோட்ல குறிச்சு வெச்சேன்: எனக்கு கிரெடிட்டுக்கு 20 மணி நேரம்தான் ஆச்சு. அந்த வேகம்னா 1,600 மணி நேரம், 145 வாரம், மூணு வருஷத்துக்குள்ள முடிஞ்சுடும். உங்க வேகம் என்னன்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். இக்னோ பாடப் புத்தகங்கள் இ-ஞானகோஷ் தளத்துல இலவசமா கிடக்கு. உங்க எம்.ஏ.வோட முதல் பேப்பர்ல ஒரு யூனிட்டை இறக்கி, போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சு, குறிப்பெடுத்துப் படிங்க. ஷிப்ட் முடிஞ்சு வந்த ராத்திரியில படிங்க, ஞாயித்துக்கிழமை காலையில இல்ல. வர்ற நேரத்தை மொத்த யூனிட்டால பெருக்கி, அசைன்மென்ட்டுக்கும் ரிவிஷனுக்கும் அதுல பாதியைச் சேருங்க.

பணக் கணக்கு இதைவிடச் சுலபம். இக்னோவுல பெரும்பாலான எம்.ஏ.க்கு மொத்தக் கட்டணம் இருபதாயிரத்தை ஒட்டித்தான் வரும், அதையும் வருஷா வருஷம் பிரிச்சுக் கட்டலாம். சரியான தொகையைச் சேர்ற வருஷத்து புராஸ்பெக்டஸ்ல பாருங்க. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடதையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடுங்க. தேர்வுக் கட்டணம் தனி. நான் எழுதினப்போ பேப்பருக்கு 200. பத்து பேப்பர்னா 2,000. இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்சது. தெரியாதது லீவு. பரீட்சை பெரும்பாலும் வேலை நாள்லதான் வரும். இவங்களுக்குச் சம்பளத்தோட லீவு கிடையாது, ஒரு நாள் போனா சுமார் 850 ரூபாய். பத்து பேப்பருக்கு 8,500. தேர்வுக் கட்டணத்தைவிட நாலு மடங்கு! பேப்பர், ஜெராக்ஸ், பழைய புத்தகம்னு ஒரு 3,000. ஆகமொத்தம் 33,500. சீட்டுப் பணத்துல அடங்குது, 2,500 மிச்சம்.

அச்சுப் புத்தகம் வேணாம், சாஃப்ட் காப்பி போதும்னா கட்டணத்துல 15 சதவீதம் தள்ளுபடி உண்டு. ரயில்ல போன்ல படிக்கறவங்களுக்கு அது சரி. நான் அச்சுப் புத்தகக் கட்சி, ஓரத்துல கிறுக்காம எனக்கு மண்டையில ஏறாது.

மூணு வருஷத்துக்குத் திட்டம் போடுங்கன்னுதான் அவங்களுக்கு எழுதினேன். பரீட்சை ஜூன்லயும் டிசம்பர்லயும் நடக்கும், எல்லா பேப்பரையும் ஒரே தடவையில எழுதணும்னு கட்டாயம் இல்ல. ஜூன்ல ரெண்டு, டிசம்பர்ல ரெண்டுன்னு பிரிச்சா லீவும் பிரியும். ஒரு பேப்பர் போச்சுன்னா நஷ்டம் 200 ரூபாய் இல்ல, ஆறு மாசம். அதனால ஒவ்வொரு தடவையும் தயாரா இருக்கற பேப்பருக்கு மட்டும் பணம் கட்டுங்க.

அசைன்மென்ட்டை மட்டும் தள்ளிப் போடாதீங்க. மார்க்ல 30 சதவீதம் அதுலதான். உங்க கையெழுத்துல எழுதணும், பரீட்சைக்கு வாரக்கணக்குல முன்னாடியே கொடுக்கணும். வருஷம் மாறினா கேள்விகளும் மாறிடும், பழசு செல்லாது. 55ஐத் தொடணும்னு நினைக்கறவங்களுக்கு வீட்ல உக்காந்து நிதானமா வாங்கக்கூடிய மார்க் இது.

நேத்து பதில் வந்துச்சு. முதல் யூனிட்டுக்கு ரெண்டே முக்கால் மணி நேரம் ஆச்சாம், நடுவுல ரெண்டு தடவை தூங்கிட்டாங்களாம். தூங்கின நேரத்தையும் சேர்த்துத்தான் எழுதியிருக்காங்க, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. இன்னும் ரெண்டு யூனிட் பார்த்துட்டு முடிவு பண்றேன்னு சொல்லியிருக்காங்க. அந்த ஆஃபர் மறுநாளும் இருந்துச்சாம்.

உங்க கணக்கையும் வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.