பழைய கத்தியின் பிறப்பும் பயனும்

அரியாலையிலே பழைய நாற்சார் வீடொன்றைப் பிரிக்கும்போது, பெட்டகத்தின் அடியிலிருந்து துருவேறிய கத்தி ஒன்று வெளிப்படுகிறது என்று கொள்வோம். "சங்கிலி மன்னன் காலத்து வாள்" என்பார் ஒருவர். "பறங்கியர் விட்டுச் சென்றது" என்பார் மற்றொருவர். இரண்டும் கேட்பதற்கு இனியவை. ஆனால் சான்று ஆகா. சான்று அக்கத்தியிலேயே உண்டு. அதனைப் படிக்க அறிதல் வேண்டும்.

முதற்கண் நோக்கத்தக்கது பிடி. இரு இரும்புச் சட்டங்களும் அவற்றிடையே குறுக்குப்பிடியும் அமைந்திருப்பின், அது கட்டாரி. கைமுட்டியை முன்னே செலுத்திக் குத்துவதற்கென அமைந்த படைக்கலம் அது, இந்தியாவுக்கே உரியது. எனினும் அலகைக் கண்டு மயங்குதல் கூடாது. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய வாளின் அலகை வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். அலகு பிறந்த நாடு ஒன்று. ஆயுதம் உருவான நாடு வேறொன்று.

ஒருபுறம் மட்டும் கூருள்ள தடித்த அலகு, அதன் முதுகில் பித்தளை அல்லது வெள்ளிப் பூவேலை, கொம்பாலோ தந்தத்தாலோ செதுக்கிய பிடி ஆகியவை காணப்படின், அது கண்டி நாட்டுக் கத்தியாகலாம். சிங்களத்தில் இதனைப் 'பிஹியா' என்பர். அரண்மனைக் கம்மியர் இத்தகைய கத்திகளைச் செய்தனர். யாழ்ப்பாணத் தமிழரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி, 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் அக்கம்மியரின் கலையை விரித்துரைத்தார்.

இனி, உறையையும் நோக்குதல் வேண்டும். கண்டிக் கத்திகள் பலவற்றின் உறையில் எழுத்தாணியும் உடன் செருகப்பட்டிருக்கும். போருக்குச் செல்பவனுக்கு எழுத்தாணி எதற்கு? ஓலையில் எழுதும் அதிகாரியின் இடையில் விளங்கிய பதவிச் சின்னம் அது என்பது இதனால் புலனாகும். தமிழர் கையாண்ட மடக்கெழுத்தாணியிலும் ஒரு முனையில் ஏடு வாரும் கத்தியும் மறுமுனையில் எழுதும் ஊசியும் இருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஆகவே கத்தி என்றவுடன் குருதியை நினைத்தல் முறையன்று.

இவ்வாராய்ச்சி வீண்வேலை அன்று. 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கண்டியைக் கொள்ளையிட்டபோது அகப்பட்ட பீரங்கி, இரு வாள்கள், ஒரு சிங்களக் கத்தி, இரு துப்பாக்கிகள் ஆகிய ஆறு பொருள்கள் நெதர்லாந்தில் நெடுங்காலம் இருந்தன. வேலைப்பாட்டையும் பழைய ஆவணங்களையும் ஒப்புநோக்கி அவற்றின் பிறப்பிடம் ஆராயப்பட்டது. அதன் பயனாக 2023 டிசம்பரில் அவை கொழும்பு தேசிய நூதனசாலைக்கு மீண்டன.

வீட்டிலே இத்தகைய பொருள் அகப்படின், துருவைச் சுரண்டிப் புளியிட்டுத் துலக்குதல் கூடாது. துருவோடு பூவேலையும் எழுத்தும் போய்விடும். கிடைத்த இடத்தையும் உடனிருந்த பொருள்களையும் குறித்து வைத்து, நல்லூர் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலையிற் காட்டுதல் நன்று. பழைய இரும்பென்று நிறுத்து விற்றால் கிடைப்பது சில ரூபாய். போவது ஓர் ஊரின் சாட்சி.