‘ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்’: புதூர்நாட்டில் ஒரு குழந்தை, ஒரு மனு, சில குறிப்புகள்

புதூர்நாட்டுக்கு நான் போனது சாமைக்காக. சாமையைக் குத்தும்போதும் புடைக்கும்போதும் புழங்குகிற சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் மாவட்டப் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று நாடுகள். மலையாளிப் பழங்குடி மக்களின் பகுதி. (பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ்.)

ஒரு வீட்டுத் திண்ணையில் ஆயா புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேரன், வயது இரண்டே கால். முறத்தைப் பிடித்து இழுப்பதும் ஆட்டுக்குட்டியைத் துரத்துவதுமாகத் துருதுருவென்று இருந்தான். ஒரு மணி நேரத்தில் அவன் வாயிலிருந்து நான் கேட்டது ‘ம்மா’, ‘தா’ என்ற இரண்டுதான். எல்லாம் சேர்த்து நாலு சொல் பேசுவான் என்றார் அம்மா.

“ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும் சாமி. இவங்க அப்பனே நாலு வயசுலதான் வாயத் தெறந்தான்” என்றார் ஆயா.

“எனக்கு என்னமோ மனசு ஒப்பலண்ணா” என்றார் அம்மா. அவர் ஏற்கெனவே இரண்டு முறை மலையிறங்கி, கீழே ஒரு மருத்துவமனையில் காட்டியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள், ஆங்கிலத்தில். அதில் ஆப்பிள், பந்து, பூனைப் படங்கள். “மாசம் ஒருக்கா வாங்கன்னாங்க. போவ வர ஒருநாள் கூலி போச்சு. அங்க போனா இவன் அழுதுக்கினே இருந்தான். அவ்ளோதான்.”

அந்தப் பயிற்சியாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியே காத்திருக்கும் கூட்டத்துக்கு அவர் ஒருவர். ஆனால் இப்படி நடப்பதற்குப் பெயர் பேச்சுப் பயிற்சியா? சாமையை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படிக்க ஆரம்பித்தேன். அந்த அம்மாவோடு சேர்ந்து மனு எழுதியதும் அதற்குள் அடக்கம். இதே நிலையில் இருக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் இங்கே எழுதி வைக்கிறேன்.

காத்திருக்கலாமா?

ஆயா சொன்னதில் பாதி உண்மை. பேச்சு மட்டும் தாமதமாகிற குழந்தைகளில் நிறையப் பேர் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காது என்பதை இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் ‘பார்ப்போம்’ என்று விடுவது சூதாட்டம் ஆகிவிடுகிறது.

ஆய்வாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் அளவுகோல் இது: இரண்டு வயதில் 50 சொற்கள் இல்லையென்றாலோ, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையென்றாலோ கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் சி.டி.சி. 2022-இல் தன் பட்டியலைத் திருத்தி, 50 சொற்களை இரண்டரை வயதுக்குத் தள்ளியது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் நாலு சொல் என்பது குறைவு.

இங்கே தமிழுக்கு ஒரு திருத்தம் வேண்டும். இரண்டு சொல் சேர்ப்பது என்பது ஆங்கிலத்தின் போக்கை வைத்துச் செய்த கணக்கு. நம் குழந்தை ‘ஆட்டுக்கு’ என்று ஒரே சொல் சொன்னாலும், அதில் பெயரும் வேற்றுமை உருபும் சேர்ந்தே இருக்கின்றன. வெறும் சொல்லை எண்ணினால் இது தப்பிவிடும். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவாக்கிய ‘லெஸ்ட்’ போன்ற அளவைகள் மூன்று வயதுவரை மொழி வளர்ச்சியைப் பார்க்க நம் பக்கத்திலேயே இருக்கின்றன. மதிப்பீடு எந்த அளவையைக் கொண்டு நடந்தது என்று பெற்றோர் கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

சில அறிகுறிகள் தெரிந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, முன்பு பேசிய சொல் மறைந்துபோவது.

முதலில் காது

இந்தப் பையன் கூப்பிட்டால் திரும்பினான். அதை வைத்துக் காது நன்றாகக் கேட்கிறது என்று எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள். நானும்தான். படித்த பிறகுதான் தெரிந்தது, ஓரளவு கேட்புக் குறை உள்ள குழந்தையும் உரத்த குரலுக்குத் திரும்பும். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தால் கேட்பது ஏறி இறங்கும். ஆகவே பேச்சுத் தாமதம் என்றால் முதல் வேலை ஓ.ஏ.இ., பெரா போன்ற பரிசோதனைகள். குழந்தை பதில் சொல்லத் தேவையில்லை, தூங்கும்போதே எடுத்துவிடலாம். கடுமையான குறை தெரிந்தால், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தவும் வழி உண்டு. அதனால்தான் வயது இவ்வளவு முக்கியம். இரண்டு முறை மலையிறங்கியும் அவனுக்கு இந்தச் சோதனை நடக்கவில்லை.

‘போதுமான’ பயிற்சி என்றால் எவ்வளவு?

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு வயதுக் குழந்தை ஒரு நாளில் சுமார் 12 மணி நேரம் விழித்திருக்கிறது. மாதத்துக்கு 360 மணி நேரம். அதில் பயிற்சியாளரிடம் இருப்பது 20 நிமிடம். அந்த 20 நிமிடம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், மீதி 359 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

அதனால் வீட்டாரே கற்றுக்கொண்டு செய்வது ஒப்புக்குச் சப்பாணி ஏற்பாடு இல்லை. 2011-இல் ராபர்ட்ஸ், கைசர் என்ற இரு ஆய்வாளர்கள் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முறையாகப் பழக்கப்பட்ட பெற்றோர் நடத்தும் மொழிப் பயிற்சி, குழந்தைகளின் பேச்சிலும் புரிதலிலும் முன்னேற்றம் தருகிறது என்பது அவர்கள் முடிவு. இதில் கவனிக்க வேண்டியது ‘முறையாகப் பழக்கப்பட்ட’ என்பதை. தாளைக் கையில் கொடுத்து அனுப்புவது பழக்குவது ஆகாது. யாராவது செய்து காட்ட வேண்டும், அம்மா செய்வதைப் பார்க்க வேண்டும், திருத்த வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும்.

முறைகள் எளிமையானவை. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசு. கேள்வி கேட்டுக் குடையாதே. ஒரு சொல் சொல்லிவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணும்வரை காத்திரு. அவன் ‘தா’ என்றால் ‘பழம் தா’ என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல். ஆப்பிள் படம் எதற்கு? எதிரில் ஆடு, முறம், பலாச்சுளை எல்லாம் இருக்கின்றன. தமிழில் வா, போ, தா என்று ஏவல் வினைகள் ஓரெழுத்திலேயே கிடைப்பது பேசத் தொடங்கும் வாய்க்குப் பெரிய வசதி.

எந்தக் கதவைத் தட்டுவது?

இங்கேதான் நான் முதலில் தப்பு செய்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ஐ எடுத்துக்கொண்டேன். அதிலுள்ள 21 வகைகளில் ‘பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு’ உண்டு. வரையறையைப் படித்தால், உடல் அல்லது நரம்புக் காரணத்தால் வருகிற நிரந்தரக் குறைபாடு என்கிறது. குரல்வளை நீக்கம், அஃபேசியா என்று எடுத்துக்காட்டு வேறு. இரண்டே கால் வயதுத் தாமதத்தை நிரந்தரம் என்று யார் எழுதித் தருவார்கள்? தரவும் கூடாது.

சரியான கதவு வேறு: 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டம். பிறப்பு முதல் 18 வயதுவரை, பிறவிக் குறைகள், சத்துக் குறைகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என 30 நிலைகளைக் கண்டறிந்து கட்டணமின்றிச் சிகிச்சை தருவது அதன் வேலை. அந்தப் பட்டியலில் மொழித் தாமதம் பெயர் சொல்லியே இருக்கிறது. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். கேட்பியல், பேச்சுப் பயிற்சி நிபுணர் அந்த மையத்தின் பணியிடங்களில் ஒன்று. இதற்கெல்லாம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தேவையில்லை. ‘சான்றிதழ் வாங்கிட்டு வாங்க’ என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

2016 சட்டத்தையும் விட்டுவிட வேண்டாம். அதன் 25-ஆம் பிரிவு, குறிப்பாகக் கிராமப்புறங்களில் வசிப்பிடத்துக்கு அருகிலேயே மருத்துவ வசதி தரவேண்டும் என்றும், குழந்தைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ‘அருகிலேயே’ என்ற சொல் மலைக்கு மிக முக்கியம்.

மனுவில் எழுதியது

‘ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்’ என்று முடியும் மனுவுக்கு ‘ஆவன செய்யப்படும்’ என்றுதான் பதில் வரும். அதனால் ஐந்தே கோரிக்கை, எண் போட்டு எழுதினோம். 1. கேட்புப் பரிசோதனை, தேதியுடன். 2. எழுத்தில் மதிப்பீடு, தமிழில். 3. மூன்று மாதத்துக்கான இலக்கு. 4. வாரம் ஒரு பயிற்சி. மலையிறங்க முடியாத வாரம் தொலைபேசி வழியாக. 5. மறுபரிசீலனைத் தேதி. கூடவே, அம்மா எழுதிய ஒரு பக்கம்: பையன் சொல்லும் நாலு சொற்கள், மலையிறங்கிய இரண்டு தேதிகள், ஒவ்வொன்றுக்கும் போன கூலி.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகை எண் வாங்கினோம். பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு, முப்பது நாள் கெடு என்று அடுத்த தாளையும் தயாராக வைத்திருந்தேன். அமெரிக்காவில் பரிந்துரை வந்த 45 நாளுக்குள் மதிப்பீட்டை முடித்துத் திட்டக் கூட்டமும் நடத்த வேண்டும் என்று விதியே உண்டு. நமக்கு அப்படிக் கெடு இல்லாததால் கெடுவை நாமேதான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

தகவல் உரிமை மனு தேவைப்படவில்லை. ஐந்தாவது வாரம் போன் வந்தது. பரிசோதனையில் காது நன்றாகவே இருந்தது. வாரம் ஒன்று கேட்டோம், இரண்டு வாரத்துக்கு ஒன்று கிடைத்தது. இடையில் ஒரு வீடியோ கால், டவர் கிடைக்கும் பாறை மேல் நின்றுகொண்டு.

மலைக்கு அந்தப் பக்கம்

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. மலைக்கு மறுபக்கம் திருவண்ணாமலை மாவட்டத்தில், உதடு, அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைகளுக்காகப் போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் பல ஆண்டுகளாக ஒரு சமூகத் திட்டம் நடத்தியிருக்கிறது. உள்ளூர்க்காரர்களையே பணியாளர்களாகப் பழக்கி, நிபுணர்களின் மேற்பார்வையில் பேச்சுத் திருத்தப் பயிற்சி கொடுத்தார்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே போய்க் குடும்பத்தைப் பழக்குகிறார்கள், முன்னேற்றத்தைச் செயலியில் பதிகிறார்கள். நிபுணர் ஒருவர் மலையில் குடியிருக்க வேண்டியதில்லை. பழகிய ஒரு பெண், அங்கன்வாடியில் ஓர் அறை, மேலே பார்த்துக்கொள்ள ஒரு நிபுணர். புதூர்நாட்டுக்கு இது போதும்.

இப்போது பையனுக்கு இரண்டே முக்கால். ஐந்தாம் வகுப்பு படிக்கும் அக்கா, அவன் புதிதாகச் சொல்லும் சொற்களை நோட்டில் எழுதி வைக்கிறாள். போன வாரம் எண்ணியபோது 31. கடைசியாக எழுதியிருந்தது ‘ஆடு போச்சி’. அதை எண்ணில் சேர்க்காமல், இரண்டு சொல் என்பதால் சிவப்பில் கோடு போட்டிருந்தாள்.

31 என்பது இந்த வயதுக்கு இன்னும் குறைவுதான். மறுபரிசீலனை அடுத்த மாதம். அன்றைக்கு வாரம் ஒன்று என்று மறுபடி கேட்கப் போகிறோம். இந்த முறை அம்மா தனியாக வரவில்லை. பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து இன்னும் இரண்டு அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். அவர்களுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.