நிலத் தரகும் மறைபொருளும்



நிலம் வாங்குவது பெரியவர்களின் பொறுப்பு என்று நீங்கள் எண்ணலாம். ஆயினும், ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு ஒரே நாளில் கைமாறுவது அப்போதுதான். கணினியும் கைப்பேசியும் வீட்டில் உங்களுக்கே நன்கு பழகியவை. ஆதலின், இப்பொருளை நீங்கள் அறிந்திருத்தல் நன்று.

எங்கள் கருங்கல் வட்டாரத்தில் நிலத்தைச் சென்ட் கணக்கில் விலை பேசுவர். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. விற்பவர் யார், நடப்பு விலை என்ன, அடமானம் உண்டா என்பனவற்றை முன்பெல்லாம் தரகரே அறிந்திருந்தார். அறிந்ததை வெளியிடாமையே அவருடைய முதல்.

இதனால் விளையும் கேட்டை 1970-இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் விளக்கினார். உண்மை அறியாத வாங்குபவர் ஐயுற்றுக் குறைந்த விலையே கேட்பார்; நல்ல பொருளை உடையவரோ சந்தையை விட்டு விலகுவார். ஆக, மறைப்பு இருவருக்கும் நட்டமே.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், சொத்துப் பத்திரங்களைப் படியெடுத்து வைத்துள்ள புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிட இடமளித்தது. இன்றோ, பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தையும் வழிகாட்டி மதிப்பையும் கட்டணமின்றிக் காணலாம். பட்டா விவரத்தை அரசின் நில ஆவண இணையதளத்தில் காணலாம். இவற்றைத் தாமே எடுத்து, கேட்பவர்க்கெல்லாம் இலவசமாக வழங்கும் தரகர்களும் இன்று உளர். இதனால் அவர்கள் இழப்பது ஒன்றுமில்லை; பெறுவது நம்பிக்கை.

2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் இதனைக் கடமையாகவே ஆக்கியது. அச்சட்டப்படி பதிவு செய்த திட்டங்களில் மனை விற்கும் தரகர், தாமும் பதிவு பெற வேண்டும். வாங்குபவருக்கு உரிய தகவல்களும் ஆவணங்களும் முன்பதிவின்போதே கிடைக்கச் செய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 12 சென்டுக்கு மேற்படாத நிலத்தில் அமையும் திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமன்று. தனியார் ஒருவர் தம் பழைய மனையை விற்பதும் இதில் அடங்காது. சிற்றூர்களில் நாம் வாங்குவது பெரும்பாலும் இத்தகைய ஐந்து சென்ட், பத்து சென்ட் நிலமே. அங்கே நம் விழிப்பே நமக்குக் காவல்.

மற்றொன்றும் கருதத்தக்கது. வில்லங்கச் சான்று, தேடிய ஆண்டுகளில் பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பங்காளிகளின் பதிவு பெறாத உரிமையையும் நடைபெறும் வழக்கையும் அதில் காண்பது அரிது. பட்டா மட்டுமே உரிமைக்கு முடிவான சான்றாகாது. மூலப்பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுதலும், எல்லையை அளந்து பார்த்தலும் இன்றியமையாதன.

ஆகவே, தரகர் இலவசமாகத் தரும் தகவலை நன்றியுடன் பெறுங்கள். சர்வே எண்ணைக் கேட்டு, நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள். நேர்மையான தரகர் அதற்கு வருந்தமாட்டார். சர்வே எண்ணைச் சொல்லத் தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று உங்கள் பெற்றோருக்கு எடுத்துரையுங்கள்.