ஓட்டுக்கு மேல் ஓடிய வயர்

திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்துப் பழைய வீடுகளுக்குத் தனித்தனிச் சுவர் கிடையாது. எங்கள் வீட்டின் வலப்பக்கச் சுவர்தான் அடுத்த வீட்டின் இடப்பக்கச் சுவர். இங்கே மிளகாய் வறுத்தால் அங்கே தும்மல். கீர்த்தனைகள் இயற்றிய நீலகண்ட சிவன் இருந்த ஊர் இது. 2003 வாக்கில், மாலை வேளைகளில் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கீர்த்தனை, இந்தப் பக்கம் எங்கள் துப்பாக்கிச் சத்தம்.

நாலு வீட்டில் நாலு பையன்கள், நாலு கம்ப்யூட்டர். விளையாட்டு, கவுன்ட்டர்-ஸ்ட்ரைக். அதுவே ஒரு ‘மாட்’தான் என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். வால்வ் நிறுவனம் உருவாக்கி 1998-ல் வெளிவந்த ஹாஃப்-லைஃப் விளையாட்டைப் பிரித்து, மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு பேர் 1999-ல் வேறாகக் கட்டியது அது. மறு வருஷமே வால்வ் அதைத் தன் சரக்காக விற்க ஆரம்பித்துவிட்டது.

சேர்ந்து விளையாட வயர் வேண்டும். ஒட்டுச் சுவர் வீடுகள் ஆனதால் ஓட்டுக்கு மேலேயே இழுத்துவிட்டோம். கேட்-5 வயர் 100 மீட்டர் வரை தாங்கும். நாலு வீட்டுக்கு அது தாராளம். முனையில் கிளிப் போட எட்டு நிறக் கம்பிகளை வரிசை தப்பாமல் வைக்க வேண்டும்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. சந்தியாவந்தனம் மறந்துபோன எனக்கு இது இன்னும் மறக்கவில்லை. ஹப் எங்கள் வீட்டுப் பரணில். யாரிடம் ராம் அதிகமோ அவன் கம்ப்யூட்டர்தான் சர்வர். அது 256 எம்பி வைத்திருந்தவனுடையது. சர்வர் தயாரானதும் அவன் சுவரைத் தட்டுவான், நாங்கள் உள்ளே நுழைவோம். "என்னடா, சுவரைப் பொளக்கறேளா?" என்று மாமி கத்துவது அன்றைய ஆட்டம் தொடங்கியதற்கு அடையாளம்.

மாட், மேப் எல்லாம் ஒரே சிடியில் வந்தவை. அந்த சிடி நாலு வீட்டுக்கும் கைமாறும். அதனால் ‘உன் மேப் வேறு, சர்வரின் மேப் வேறு’ என்ற பிழைச்செய்தி வந்தால் சிடியில் கீறல் என்று அர்த்தம். வேறு காரணமே இருக்காது.

எங்களுக்கு ஒரே எதிரி ஐப்பசி இடி. துலாவர்ஷத்தில் ஒரு சாயங்காலம் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் ஒரே வெட்டில் போயின. அதற்குப் பிறகு கிழக்கே கறுத்தாலே அம்மா சொல்லிவிடுவாள்: "வடாத்தை எடு, அப்படியே உன் வயரையும் பிடுங்கு."

2005-ல் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் வந்தது, 256 கேபிபிஎஸ். இராத்திரி இரண்டு மணி முதல் காலை எட்டு வரை எவ்வளவு இறக்கினாலும் காசில்லை என்ற திட்டத்துக்காகக் கண் விழித்தவர்களில் நானும் ஒருவன். அதற்குள் மற்ற மூன்று பேரும் பெங்களூர், துபாய் என்று போய்விட்டார்கள். வயர் மட்டும் ஓட்டின் மேல் வெயிலில் வெளுத்துக்கொண்டு கிடந்தது.

2020 ஜூலை. திருவனந்தபுரத்தில் ட்ரிப்பிள் லாக்டவுன், வாசல்படி தாண்டக் கூடாது. "அப்பா, மைன்கிராஃப்ட் சர்வர் வைக்கணும்" என்றான் மகன். எனக்குத் தெரியாத வித்தையா என்று பழைய லேப்டாப்பை எடுத்து உட்கார்ந்தேன். ஜாவா போட்டாயிற்று, மாட்களை ஏற்றுகிற ஃபேப்ரிக் போட்டாயிற்று, மாட் கோப்புகளை அதற்குரிய ஃபோல்டரில் வைத்தாயிற்று. ஒப்பந்தக் கோப்பில் ‘ஃபால்ஸ்’ என்பதை ‘ட்ரூ’ என்று திருத்தியதும் சர்வர் ஓடியது. வீட்டுக்குள் மட்டும்! பாப்பனங்கோட்டில், நடந்தே போய்விடும் தூரத்தில் இருந்த அவன் சிநேகிதனால் நுழைய முடியவில்லை. ரூட்டரில் 25565 என்ற வாசலைத் திறந்துவிட்டும் பலனில்லை.

காரணம் புரிய இரண்டு நாளாயிற்று. உலகத்தில் பழைய வகை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. அவை எப்போதோ தீர்ந்துவிட்டன. ஆகவே இணைப்பு தருகிற கம்பெனிகள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. நம் தெரு முழுவதற்கும் ஒரே டி.சி. நம்பர், அதாவது ஒரே வீட்டு எண், கொடுத்த மாதிரி. நாம் போட்ட கடிதத்துக்குப் பதில் வரும். யாராவது தானாக நமக்குக் கடிதம் போட்டால் எந்த வீடு என்று தபால்காரருக்குத் தெரியாது. மாதாமாதம் கூடுதல் பணம் கட்டித் தனி முகவரி வாங்கலாம், மும்பையில் வாடகைக் கம்ப்யூட்டர் எடுக்கலாம். பையன் மூன்றாவது வழிக்குப் போனான். பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே மென்பொருளைப் போட்டுக்கொண்டு, எல்லோரும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருப்பதாகக் கம்ப்யூட்டர்களை நம்பவைத்தார்கள். ஓட்டுக்கு மேல் நாங்கள் இழுத்த வயரேதான், கண்ணுக்குத் தெரியவில்லை.

இப்போது எல்லாம் சுலபம் என்கிறவர்களோடு இந்த ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். வீட்டில் சர்வர் வைப்பது எங்களுக்குத்தான் சுலபம்.

மாட் விஷயத்திலும் அப்படியே. சிடி இல்லை, அவரவர் இறக்கிக்கொள்கிறார்கள். ஒருவனிடம் 1.16.1, இன்னொருவனிடம் 1.16.2, சர்வர் கதவைச் சாத்திவிடும். மாட் கூடக் கூட, நொடிக்கு 20 துடிப்பு துடிக்க வேண்டிய சர்வர் மூச்சு வாங்கும், ஓடுகிற கோழி அந்தரத்தில் நிற்கும்.

இருந்தாலும் அவர்கள் செய்த காரியம் நாங்கள் செய்யாதது. நாங்கள் சுட்டோம், அவர்கள் தெருவைக் கட்டினார்கள். கரமனை ஆறு, சத்தியவாகீஸ்வரர் கோயில், திண்ணை, ஒட்டுச் சுவர்கள். சாய்ந்த ஓட்டுக் கூரைக்கென்றே ஒரு மாட் சேர்த்து, வீடு வீடாக ஓடு வேய்ந்தார்கள். பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டியபோது, "கிணத்தைக் காணோமே" என்றாள். மறுநாள் கிணறும் வந்தது.

பிறகு விளையாட்டின் புதுப் பதிப்பு வந்தது. அந்தக் கூரை மாட் அதற்குத் தயாராகவில்லை. சரி, தற்காலிகமாக எடுத்துவிடலாம் என்று எடுத்துவிட்டுத் திறந்தார்கள். தெரு முழுக்கச் சுவர்கள் நிற்கின்றன, ஓர் ஓடு இல்லை. தனக்குத் தெரியாத கட்டைகளையெல்லாம் விளையாட்டு வெறும் காற்றாக்கிவிட்டது. மாட்டைத் திரும்பப் போட்டும் ஓடுகள் வரவில்லை. நகல் எடுத்து வைத்தவர் எவருமில்லை.

எங்கள் நாலு வீட்டில் இரண்டு இப்போது கான்கிரீட். வயர் ஓட்டோடு போயிற்று.

சர்வர் வைக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று: எந்த மாட்டை நீக்குவதற்கு முன்னாலும் ‘வேர்ல்ட்’ ஃபோல்டரை அப்படியே வேறிடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.